நிஸ்மியா டீச்சரின் சேற்று வகுப்பு

நிஸ்மியா டீச்சர் குந்திவிட்டால் பத்து நிமிடத்துக்கு எழும்ப மாட்டார். அபாயாவின் கரையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, வாவிக்கரைச் சேற்றில் ஒரு நண்டு வளையைப் பார்த்தபடி இருப்பார். சுற்றிவரப் பதினாறு பிள்ளைகள். எல்லாம் நாலு, ஐந்து வயது. ஒன்றும் வாய் திறக்காது. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் ஒரு நிமிடம் ஒழுங்காக இருக்காத என் மகள் சப்னாவும் அதில் ஒருத்தி.

“மூச்சுக் காட்டப்படா. கல்லு மாதிரி இரிந்தா அவன் வெளிய வருவான்.”

வருவான். நகத்தளவு உடம்பு, ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிது. அந்தக் கையை ஆட்டுவான். பிள்ளைகளும் ஆட்டுவார்கள். நாற்பத்திரண்டு வயது டீச்சரும் வெட்கமில்லாமல் ஆட்டுவார்.

“டீச்சர், ஏன் ஒரு கை பெரிசு?”

“எனக்கும் தெரியா மகள். எதுக்கு வெச்சிரிக்கான் எண்டு பாப்பம்.”

உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. பறவைகளின் பெயரும் பாதி தெரியாது. பிள்ளைகள் வைக்கிற பெயர்தான். கைப்பையில் பவுடரும் சீப்பும் கிடையாது. கழுவிய யோகட் கோப்பைகளும், பிள்ளைகளின் நகத்தைத் தேய்க்க ஒரு பழைய பல்துலக்கியும் இருக்கும். வாவிக்குப் போவது செவ்வாய்க்கிழமைகளில். மூன்றாவது செவ்வாய் சப்னா வீட்டுக்கு வந்து சொன்னாள்: “உம்மா, அவன் பெரிய கையால திங்கிறல்ல. சண்ட புடிக்கத்தான்.”

எங்கள் பாலர் பாடசாலை ஒரு வாடகை வீடு. முற்றம் முழுக்கச் சீமெந்து. காத்தான்குடியில் வீட்டுக்கு வீடு மதில். பிள்ளை மண்ணைத் தொட வேண்டுமென்றால் ஒழுங்கை முடிவில் வாவிக்குப் போகவேண்டும். அங்கேயும் அலையாத்தி இனத்துக் கண்ணா மரம் நாலும் அதன் வேரடியில் ஒரு துண்டுச் சேறும்தான் மிச்சம். மற்றதை மண் போட்டு நிரப்பி மதில் எழுப்பிவிட்டார்கள்.

அந்தக் கறுப்புச் சேறு வெள்ளைச் சட்டையில் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. பெற்றார் கூட்டத்தில் முதலில் எழும்பி அதைச் சொன்னவள் நான்தான். டீச்சர் தலையாட்டிக் கேட்டார். பிறகு எழும்பினார்.

“சட்டைய நான் கழுவித் தாறன். அந்தத் துண்டையும் ஆரும் வளைச்சுப் புடிச்சா புள்ளையளுக்கு ஒண்டுமில்ல. அத மட்டும் நம்மட பாடசாலைக்கு எடுத்துத் தாங்க.”

பாடசாலைக் குழுத் தலைவர் இஷாமுக்குக் கண் கலங்கிவிட்டது. “யோசிக்காதங்க டீச்சர். லீவு முடிஞ்சி வந்து பாருங்க.”

நோன்பு விடுமுறையில் அந்தச் சேற்றின் மேல் ஒன்பது டிராக்டர் கிரவல் மண் கொட்டினார்கள். என் மனிசனும் மண்வெட்டியோடு நின்றார். பாம்பு அடையும் என்று கண்ணா மரங்களை வெட்டினார்கள். கிரவலை உருளை ஓட்டி இறுக்கினார்கள். ஊஞ்சல், சறுக்கி, சுற்றிவரக் கம்பிவலை. வாசலில் பெரிய எழுத்தில் பலகை: ‘நிஸ்மியா டீச்சர் சிறுவர் பூங்கா.’ எல்லாரும் மனமாரத்தான் செய்தார்கள். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் டீச்சர் சண்டையாவது பிடித்திருப்பார்.

திறக்கிற நாள் அவரை முன்னால் கூட்டிப் போனார்கள். பலகையை இரண்டு தரம் வாசித்தார்.

“மாஷா அல்லாஹ். வடிவா இரிக்கி.”

“இப்ப பாருங்க டீச்சர், சேறுமில்ல, சகதியுமில்ல,” என்றார் இஷாம்.

“ஓம். ஒண்டுமில்ல.”

பெரியவர்கள் ரோல்ஸும் சர்பத்தும் எடுக்கப் போனார்கள். பிள்ளைகள் சறுக்கிக்கு வரிசை கட்டினார்கள். சப்னா மட்டும் போகவில்லை. வேலியோரம் இருந்து கிரவலை இரண்டு கையாலும் கிளறிக்கொண்டிருந்தாள். விரல் நுனி சிவந்திருந்தது.

“டீச்சர், இவன் எப்பிடி மேல வாற?”

டீச்சர் அவளைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார். உள்ளங்கைத் தூசியைத் தன் முக்காட்டு நுனியால் துடைத்தார். பிறகு கொண்டுபோய்ச் சறுக்கி வரிசையின் கடைசியில் நிறுத்தி, முகத்தை முன்பக்கம் திருப்பிவிட்டார்.