முகவருக்கு ஒரு பக்கம்

குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனியில், புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அண்ணியின் வேலை. யார் எப்படித் திட்டி எழுதினாலும் இந்தப் பக்கத்திலிருந்து மன்னிப்பு போகும். அதில் அண்ணி கெட்டிக்காரி. வீட்டில், சமையலறை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்து வருஷக்கணக்காக ஒரு நாவலும் எழுதினார். என் அண்ணன் அதை 'டைப்பிங்' என்பான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டவனில்லை.

ஒருவழியாக நாவல் முடிந்தது. பதிப்பகங்களிடம் பேசிப் புத்தகமாக்கித் தரும் இலக்கிய முகவருக்கு முதலில் ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டுமாம். அது பிடித்தால்தான் நாவலையே கேட்பார்களாம். அந்த ஒரு பக்கத்தோடு முட்டி மோதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் காட்டினார்.

'தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு வருந்துகிறேன். நாவலில் குறைகள் தென்பட்டால் பொறுத்தருள வேண்டும்.' இப்படியே பக்கம் முழுக்க. கதை என்ன என்று ஒரு வரி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் வாய் சும்மா இருக்குமா?

"என்ன அண்ணி இது? நாவலை அனுப்புறீங்களா, ரிப்பேருக்குக் குடுக்குறீங்களா?"

"மரியாதையா எழுத வேண்டாமா?"

"மரியாதை வேற, கால்ல விழறது வேற. உங்களுக்குப் புகார் எழுதுறவங்க இப்படியா எழுதுறாங்க?"

அண்ணி யோசித்தார். "சேச்சே. அவங்க எடுத்த எடுப்புலயே விஷயத்துக்கு வந்துடுவாங்க. என்ன நடந்துச்சு, இப்ப என்ன வேணும், அவ்வளவுதான். படிச்சா பதில் போடாம இருக்க முடியாது."

"அப்ப அதே மாதிரி எழுதுங்க."

என்னை முறைத்தார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மளமளவென்று அடித்தார். அடித்ததை வாய்விட்டுப் படித்தார்.

'கணவனுக்குச் சட்டை தேய்த்து வைத்துவிட்டு ஒரு பெண் வேலைக்குக் கிளம்புகிறாள். தன் நிறுத்தம் வந்தும் பேருந்திலிருந்து இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுகிறாள். மறுநாள் தேய்த்த சட்டை இல்லாதபோதுதான் கணவன் அவளைத் தேடுகிறான். இதுதான் என் நாவல். முழுவதையும் படிக்க விருப்பமா என்று தெரிவியுங்கள்.'

திரும்பினால், குளியலறை வாசலில் பல் தேய்த்தபடி அண்ணன் நிற்கிறான். எப்போது வந்தானோ, கை அப்படியே நின்றிருந்தது.

"அப்புறம்?" என்றான், வாயில் நுரையோடு. "அவ திரும்பி வர்றாளா?"

அண்ணி கடிதத்தை அனுப்பி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"படிச்சுப் பாருங்க," என்றார்.