இடது இறக்கை கனக்கிறது

மார்லிஸ் டால்கே ஒரு தடவைகூட மாதிரி விமானம் விட்டதில்லை. ரிமோட்டைக் கையில் வாங்கியதுகூட இல்லை. ஆனாலும் அயோவாவில், சோளக்காட்டு நடுவே இருக்கும் அந்தப் பறப்புத் திடலில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. கணவன் ஓரின் தன் வித்தை விமானத்தை விடும்போது, அவன் வலது தோளுக்குப் பின்னால் ஒட்டி நின்று, அடுத்த வித்தை என்ன என்று சொல்பவள் அவள். போட்டியில் விடுகிறவனுக்கு வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. யாராவது காதோரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி, பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே குரலெடுத்துப் பழகியவள் என்பதால், எந்தக் காற்றிலும் அவள் குரல் அவனுக்குக் கேட்டது. கல்யாணமான வருஷம் விளையாட்டாகப் போய் நின்றவள்தான். தலை நரைத்த பிறகும் அதே தோளுக்குப் பின்னால் நின்றாள்.

அங்கே நிற்பவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். விடுகிறவனின் கை.

மே மாதத்தில், புது விமானத்தை முதன்முதலாகச் செங்குத்தாக மேலே ஏற்றினான் ஓரின். ரிமோட்டின் குச்சியைத் தன் பக்கம் இழுத்தபோது அவனுடைய வலது கட்டைவிரல் துடித்து, குச்சி இடப்பக்கம் ஒரு நூல் நகர்ந்தது. விமானமும் இடப்பக்கம் சாய்ந்தது. மறுபடி ஏற்றினான். மறுபடி அதே துடிப்பு, அதே சாய்வு.

“இடது இறக்கை கனக்குதோ?” என்று திரும்பாமலே கேட்டான்.

ஓரினின் அண்ணனுக்கு நடுக்க நோய் இப்படித்தான் விரலில் தொடங்கியது. கடைசியில் சூப்பைக்கூட வேறொருவர் ஊட்ட வேண்டியதாயிற்று. இதெல்லாம் ஒரு கணத்தில் மார்லிஸின் மனதில் ஓடிப் போயிற்று.

“ஆமா. இடதுதான் கனக்குது.”

அன்றிலிருந்து ஓரின், வீட்டுக்கு அடியில் இருந்த கீழ்த்தளப் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை என்றே சொல்லலாம். மூக்கிலும் வாலிலும் நூல் கட்டி விமானத்தை உத்தரத்தில் தொங்கவிட்டான். எந்த இறக்கை கனமோ அது தாழ வேண்டும். இரண்டும் அசையாமல் நின்றன. “நூல்ல நிக்கறது வேற, வானத்துல இழுக்கறது வேற” என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வலது இறக்கை நுனியில் துளையிட்டு ஈயம் வைத்தான். திடலுக்குப் போனார்கள். கொஞ்சம் சரியானது போல இருந்தது. அடுத்த வாரம் மறுபடி இடப்பக்கம். இன்னும் ஈயம். மோட்டாரைக் கழற்றி அடியில் வாஷர் கொடுத்துக் கோணம் மாற்றினான். இறக்கையின் பின்மடல்களைப் பிரித்து மறுபடி பொருத்தினான். வெளியே ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. காற்றே இல்லாத, கண்ணாடி போன்ற சாயங்காலங்கள் எல்லாம் கீழ்த்தளத்தின் குழல்விளக்கில் கழிந்தன.

மார்லிஸ் காபி கொண்டுபோய் வைப்பாள். படிக்கட்டில் நிற்பாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள்.

“நல்ல வேளை, நீ பார்த்துச் சொன்ன. எனக்குன்னா சந்தேகமாவே இருந்திருக்கும்” என்பான் அவன். அவள் மேலே ஏறிப் போய்விடுவாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, திடலில் டுவேன் இருந்தான். ஓரினுக்கு முப்பது வருஷக் கூட்டாளி. மார்லிஸ் கொண்டுவரும் ருபார்ப் கேக்குக்காகவே வருகிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன்.

“என்னடா, உன் கல்யாணப் பொண்ணு இன்னும் அலங்காரம் முடிச்சு வரலயா? கோடை முடிஞ்சு சோளம் அறுக்கிற மெஷினே வந்தாச்சு!” என்றான் ஓரினின் விமானத்தைக் காட்டி.

“இடப்பக்கம் இழுக்குதுடா. என்ன பண்ணியும் போக மாட்டேங்குது.”

“கட்டினவன் அப்படி!”

ஓரின் சிரிக்கவில்லை. விமானத்தை மேலே அனுப்பிச் சமமாகப் பறக்கவிட்டு, ரிமோட்டை டுவேனிடம் நீட்டினான். தன் விமானத்தை அவன் யாரிடமும் கொடுத்ததில்லை. “நீயே ஏத்திப் பாரு. அப்புறம் பேசு.”

“வேண்டாம் ஓரின், இறக்கிடு. காத்து ஏறுது” என்றாள் மார்லிஸ். இலைகூட அசையவில்லை.

டுவேன் குச்சியை இழுத்தான். விமானம் மூக்கைத் தூக்கியது. தூக்கியதும் வலப்பக்கம் சரிந்தது.

“வலதா?” என்றான் ஓரின்.

“வலதுதான்டா. ஊர்ல இருக்கற ஈயத்தையெல்லாம் அந்த இறக்கையிலதான் கொட்டி வச்சிருக்கியா?”

“இன்னொரு தடவை.”

மறுபடியும் வலப்பக்கம். டுவேன் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, ஓரினைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஓரின் வானத்தைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெறுங்கையில் கட்டைவிரல் தானாகத் துடித்தது.

டுவேன் விமானத்தை இறக்கி, ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் வண்டிப் பக்கம் போனான்.

“எப்போலேருந்து தெரியும்?” ஓரின் மார்லிஸிடம் கேட்டான்.

“மே மாசம். முதல் நாளே.”

“முதல் நாளே.”

“உங்க அண்ணனை நினைச்சேன். எப்படிச் சொல்றது ஓரின்? நீயேதான் இறக்கைன்னு கேட்ட...”

“நான் இறக்கையைக் கேட்டேன். நீ கையைப் பார்த்த.” அவன் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். “மே மாசம் இவ்வளவு மோசமில்ல, மார்லிஸ். லேசா துடிச்சுது, அவ்வளவுதான். சாஞ்சா சாஞ்சுட்டுப் போகுதுன்னு விட்டிருப்பேன். கோடை முழுக்கத் தினம் விட்டிருப்பேன். ஒரு குறையும் இல்லாத விமானம். அதைப் போய் நாலு மாசம் அறுத்துக்கிட்டிருந்தேன்.”



ஓரின் இறக்கைகளைக் கழற்றினான். திருகுகளைக் கழற்ற வழக்கத்தைவிட வெகுநேரம் ஆயிற்று. உறையில் போடுவதற்கு மார்லிஸ் எப்போதும்போல் மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.

“விடு. நான் பார்த்துக்கறேன்.”

இரண்டு இறக்கைகளையும் ஒவ்வொன்றாக அவனே வண்டிக்குக் கொண்டுபோனான். உள்ளே வைக்கும்போது இறக்கை நுனி கதவுத் தகரத்தில் டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. அவன் அதை நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று தெரியாமல், மார்லிஸ் ஓடுபாதை ஓரத்திலேயே நின்றிருந்தாள்.