வெங்காயக்காரர் கிணற்றில் கிடைத்த ராஜா

தீப்ஸுக்கு காத்மோஸ் இருக்கிறார். ஏதென்ஸுக்கு கெக்ரோப்ஸ் இருக்கிறார். எங்கள் திபாராவுக்கு மட்டும் ஊரை நிறுவிய ராஜா என்று யாரும் இல்லை. திருவிழாவுக்கு வெளியூர் போனால் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்த புண்ணியவான், வெங்காயம் பயிரிட்டு வந்த மிர்கினோஸ்.

அவருக்கு வேண்டியது தண்ணீர்தான். இரண்டு வருஷமாக மழை இல்லை. எங்கள் ஊர்ச் சட்டப்படி, சொந்த நிலத்தில் பத்து ஆள் ஆழம் தோண்டியும் தண்ணீர் வராவிட்டால், பக்கத்துக்காரர் கிணற்றில் தினம் இரண்டு குடம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துக்காரர் நிகாந்தர், சபையில் பெரிய மனிதர். மிர்கினோஸும் மனைவி கிலெய்தேயும் மூச்சைப் பிடித்துத் தோண்டினார்கள். ஒன்பதாவது ஆள் ஆழத்தில் எலும்பு தட்டுப்பட்டது. தொடையெலும்பு மட்டும் என் நெஞ்சு உயரம்.

ஊரே திரண்டது. ஆதி ராஜாக்கள் ராட்சத உருவம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"நம்ம ராஜாடா! திபாரோஸ் மகாராஜா!" என்றார் நிகாந்தர். பெயரை அந்த நொடியில் அவரேதான் வைத்தார்.

மிர்கினோஸ் ஒரு கடைவாய்ப் பல்லைத் தூக்கிக் காட்டினார். ரொட்டி அளவு இருந்தது. "அண்ணே, ஏதோ மாட்டுப் பல்லு மாதிரியில்ல இருக்கு?"

"ஏதென்ஸ்காரன் ராஜாவுக்கு இடுப்புக்குக் கீழ பாம்பு. அதையே அவன் பெருமையா சொல்லிக்கிறான். நம்மாளுக்குப் பல்லு கொஞ்சம் பெருசா இருந்தா உனக்கென்னய்யா?"

"சரிண்ணே. ராஜாவை மேல எடுத்து வச்சிட்டு, இன்னும் ஒரே ஒரு ஆள் ஆழம்..."

"ராஜா சமாதியில கடப்பாரையா? வாயைக் கழுவு!"

சபை கூடியது. இனி தோண்டக் கூடாது என்று கை தூக்கினோம். நானும்தான் தூக்கினேன். ராஜா கிடைத்த சந்தோஷத்தில் வெங்காயம் யாருக்கு ஞாபகம் வரும்? மிர்கினோஸுக்கு அந்தச் சமாதியின் பூசாரிப் பதவி கொடுத்தோம். ஒன்பது ஆள் ஆழத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால், நிகாந்தர் கிணற்றிலிருந்து ஒரு சொட்டும் கொடுக்கவில்லை.

கிலெய்தே லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நாள் காலை சந்தை நடுவில் நின்று அலறினாள்: "ராஜா கனவுல வந்தாரு! தாகமா இருக்காம்! தினம் ரெண்டு குடம் வேணுமாம், அதுவும் நிகாந்தர் கிணத்துத் தண்ணிதான் வேணுமாம்!"

ராஜாவுக்குப் பெயர் வைத்தவரே எப்படி மறுப்பார்? நிகாந்தர் உடனே ஒப்புக்கொண்டார். "ராஜா கேட்டு இல்லைன்னு சொல்வேனா? ஆனா வழியில ஒரு சொட்டு சிந்தக் கூடாது, பூசாரி. நானும் கூடவே வர்றேன்."

அன்றிலிருந்து காலையும் மாலையும் மிர்கினோஸ் தோளில் குடத்தோடு, வாடிக் கிடந்த தன் வெங்காயப் பாத்திகளைத் தாண்டிப் போய், மொத்தத் தண்ணீரையும் குழிக்குள் ஊற்றினார். பின்னால் நிகாந்தர். பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். கை தூக்கியவன் எந்த முகத்தோடு வாய் திறப்பது?

குழிக்கு அடியில் பாறை; ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கவில்லை. கடைசிப் பாத்தியும் கருகிய வாரத்தில், எலும்புகளை மூடிக்கொண்டு அங்கே தண்ணீர் நின்றது. மிர்கினோஸ் அதற்குப் பிறகு பதினாறு வருஷம் இருந்தார். வெங்காயத்தைச் சந்தையில் வாங்கித்தான் சாப்பிட்டார். குடத்தைக் கவிழ்த்ததும் கொஞ்ச நேரம் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். சொந்தக் கிணறு, உள்ளே தெளிந்த தண்ணீர். ஒரு வாய் குடித்தாலும் தெய்வக் குற்றம்.