யோசிக்கிற கியர்பெட்டி

என்னுடைய பிக்கப்புக்குக் கிளச் மிதி கிடையாது, ஒட்டோ கியர். சுனாமிக்குப் பிறகு உதவி செய்ய வந்த ஒரு வெளிநாட்டு அலுவலகம் மூடிக்கொண்டு போகும்போது ஏலத்தில் விட்ட வாகனம். கதவில் ஒட்டியிருந்த எழுத்துகளை உரித்த இடம் இப்போதும் மற்ற இடத்தைவிட வெள்ளையாகத் தெரியும். நான் பழகியதெல்லாம் கிளச்சை இரண்டு தரம் மிதித்துக் கியர் மாற்றுகிற லொறிகளில். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலத்தில், வாகனம் ஏற்றுகிற மிதவையை நாங்கள் பாதை என்போம், அந்தப் பாதையில் லொறியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். கொஞ்சம் கூடப் போனால் முன்சில்லு தண்ணீருக்குள். அப்போதெல்லாம் கியர் விழுந்ததை உள்ளங்கைதான் சொல்லும். இந்தப் பிக்கப்பில் கைக்கு வேலையே இல்லை. அது என்ன நினைக்கிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

அதில்தான் துறைமுகத்துப் பக்கத்து ஐஸ் பக்டரியிலிருந்து குச்சவெளிக்கு ஐஸ் ஏற்றினேன். ஐஸ் பார்களை அடுக்கி, உமி கொட்டி, சாக்குப் போட்டு மூடி, விடிகிறபோது அங்கே நிற்க வேண்டும். குச்சவெளியில் போட்டுகள் வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவருக்குத்தான் அத்தனையும் போகும். பாலையூற்று வீட்டில் நானும் மனைவியும் இரண்டு பேர். எங்கள் அடுப்பு அந்த ஒரு ஓட்டத்தில்தான் எரிந்தது. இந்த வயதில் வேறு யாரும் என்னை நம்பிச் சாமான் ஏற்ற மாட்டார்கள்.

வாடைக்காற்றில் கடல் ஏறி வந்த ஒரு நாள், ஐஸ் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வழியில் சல்லி ஊர்க் கரையில் நின்றேன். எங்கள் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. கடல் ஏறும்போது கரையில் நிற்கிற எந்த வாகனமும் போட்டை இழுத்தேற்றுகிற கயிற்றுக்குச் சொந்தம். யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள், வாகனக்காரனும் கூலி கேட்க மாட்டான். போட் இழுக்கிற உழவு இயந்திரம் மண்ணில் புதைந்து நின்றது. நான் பின்பக்கமாக அலைக்குள் இறக்க, கயிற்றைக் கொளுவினார்கள். ஒவ்வொரு போட்டுக்கும் திரும்பத் திரும்ப இறக்கி இழுத்தேன். அலை வந்து கியர்பெட்டிக்கு அடியில் அறைந்துகொண்டே இருந்தது. ஒரு போட்டையும் கடல் கொண்டுபோகவில்லை. எல்லாரும் சந்தோசம். எனக்குச் சூரை மீன் ஒன்று தந்தார்கள்.

அதன் பிறகுதான் கியர் சறுக்கத் தொடங்கியது. இரண்டாவதை விட்டு மூன்றாவதுக்குப் போகும்போது எஞ்சின் வீணாக இரையும், வாகனம் அப்படியே மிதக்கும், பிறகு மெல்லப் பிடிக்கும். ஐஸ் பாரத்தோடு, வழியிலுள்ள இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறும்போது பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். குச்சவெளிக்குப் பிந்திப் போனால் பார்கள் மூலை கரைந்து உருண்டையாகி இருக்கும். ஐஸ் இறக்குகிற பெடியன்கள் என்னை விடமாட்டார்கள்.

“அப்பு, உங்கட வாகனம் ஓடுதோ, யோசிக்குதோ?”

“யோசிச்சு முடியட்டுமடா. அதுக்குள்ள மீன் தானா நடந்து மார்க்கெட்டுக்குப் போயிடும்,” என்பான் இன்னொருவன்.

நானும் சேர்ந்து சிரித்தேன். சம்மாட்டி சிரிக்கவில்லை. அவர் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். இன்னொரு தரம் ஐஸ் தண்ணீராக வந்தால் தான் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும், கோபிக்கக் கூடாது என்று ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

தம்பலகாமத்தில் கண்டி ரோட்டோரம் ஒரு மெக்கானிக் இருக்கிறார். காலையில் வயல், பிறகு கராஜ். அவர் கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பலூடா நிறத்தில் வழிந்தது. விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஐயா, கடலுக்குள்ள விட்டனீங்களோ?”

“விடாம? போட்டைக் கடல் கொண்டுபோகப் பாத்தது.”

“அப்ப இதுவும் குடிச்சிட்டுது.”

பெட்டி மூச்சு விடுகிற குழாய் ஒன்று மேலே இருக்கிறதாம், அதன் வழியாக உப்புத்தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெயை மாற்றிக் கழுவலாம். ஆனால் உள்ளே கியரைப் பிடிக்கிற தட்டுகளின் நிலை, பெட்டியை இறக்கி முழுதாகப் பிரித்தால்தான் தெரியும். பிரித்தால் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

“அதுவரைக்கும் ஐஸ் நிக்காது தம்பி,” என்றேன்.

அவர் திரும்பவும் வாகனத்துக்கு அடியில் படுத்தார். பிறகு அடியிலிருந்து ஓர் அலுமினியப் பாளத்தைக் கழற்றி எனக்குக் காட்டினார். கறையான் அரித்த பலகை போல அதற்குள் வளைந்து வளைந்து வாய்க்கால்கள் ஓடின. இதெல்லாம் எண்ணெய் பாய்கிற வாய்க்கால், நடுவில் இருக்கிற இந்தக் கட்டைகள் வாய்க்கால் மதகுத் துருசு மாதிரித் திறந்து மூடும், இங்கே வயலுக்குத் தண்ணீர் விடுவதும் இப்படித்தான் என்றார். கியர் நோகாமல் மாறட்டும் என்று கொம்பனியில் மெல்லிய ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஆறுதலாக, மெல்ல வரும், தட்டு உரசி உரசிப் பிடிக்கும். கார் என்றால் நல்லது, பாரம் ஏற்றுகிறவனுக்குக் கூடாது. விறைப்பான ஸ்பிரிங் போட்டு, ஒன்றிரண்டு துளையையும் பெருப்பித்தால் எண்ணெய் ஒரேயடியாக வரும், தட்டு உடனே கவ்வும். அந்த ஸ்பிரிங்குகள் அவரிடம் இருந்தன.

“ஆனா ஐயா, தட்டில ஒட்டின சாமான் மிச்சம் இருந்தாத்தான் கவ்வும். அதை நான் காணேல்லை.”

போடுங்கோ என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

புது ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்த முதல் ஓட்டத்தில் கியர் மாறும்போது முதுகில் ஓர் உதை விழுந்தது. பிறகு இன்னொன்று. பழைய லொறியில் கியர் விழுகிற மாதிரியே இருந்தது. பாலத்தில் சத்தமில்லாமல் ஏறியது. குச்சவெளியில் பார்களை இறக்கும்போது மூலைகள் கூராக இருந்தன. பெடியன்களுக்குப் பகிடி பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. சம்மாட்டி தேத்தண்ணி தரச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து, வருகிற வருசமும் ஓடலாம் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள், சரி என்றாள்.

அது ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. அதே பாலத்தில், பாதி ஏற்றத்தில், உதை விழ வேண்டிய நேரத்தில் உதை விழவில்லை. எஞ்சின் கத்தியது, சில்லு சுற்றவில்லை. கியர்த் தடியை அதில் போட்டிருக்கிற எல்லா எழுத்துக்கும் தள்ளிப் பார்த்தேன். பின்னுக்கும் போகவில்லை. இறங்கி, சில்லுக்குக் கல் வைத்தேன். சாக்குக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி, பாலத்தின் சரிவில் ஓடியது. சம்மாட்டிக்குப் போன் எடுத்தேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கெஞ்சியிருப்பேன்.

ஒரு சின்ன லொறி வந்தது. முப்பது வயதுப் பெடியன் ஓட்டி வந்தான். இரண்டு பேருமாகப் பார்களை மாற்றினோம். அவன் லொறியில் உமி இல்லை என்று என் உமியையும் வாரிக்கொண்டான். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த சம்மாட்டி என் தோளில் கை வைத்தார்.

“அண்ணன், நீங்கள் வீட்டை போங்கோ. நாளையிலயிருந்து இவர் ஏத்துவார்.”

“ஓம்,” என்றேன்.

மெக்கானிக் பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைப் பிரித்தார். தட்டுகளில் ஒட்டியிருக்கிற கடதாசி மாதிரியான சாமான், சோடாப் போத்தலில் ஊறிய லேபிள் போலக் கழன்று சுருண்டு கிடந்தது. உப்புத்தண்ணீர் பசையை முன்பே இளக்கியிருக்கிறது, விறைப்பான ஸ்பிரிங் கவ்விய கவ்வில் உரிந்துவிட்டது. மெல்லிய ஸ்பிரிங்கோடு விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்குமோ என்று கேட்டேன். இழுத்திருக்கும், ஐஸ்தான் கரைந்திருக்கும் என்றார்.

“கொழும்புக்குச் சாமானுக்குச் சொல்லட்டோ, ஐயா?”

“வந்தா ஏத்துறதுக்கு என்ன கிடக்கு?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெட்டரியை மட்டும் கழற்றித் தரும்படி கேட்டேன், கரண்ட் போனால் வீட்டில் ஒரு லைட்டாவது எரியும். அதைத் தூக்கிக்கொண்டு கண்டி ரோட்டில் பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அசிட் ஒழுகும், கீழே வையுங்கோ என்றார் கொண்டக்டர். கால்களுக்கு நடுவில் வைத்து, பிரேக் பிடிக்கும்போது சரியாமல் இரண்டு முழங்காலாலும் நெருக்கிப் பிடித்துக்கொண்டேன்.