தங்கையை அழைத்து வந்த நடுப்பகல்

எங்கள் தங்கை பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவள் வாழ்ந்ததை மட்டுமன்றி, அவள் போன பிறகு நடந்ததையும் இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னவர் அம்மா. "யாரு என்ன நெனைச்சாலும் பரவால்லப்பா. நடந்தத நடந்தபடி எழுது" என்றார். அண்ணனாகிய நான் எழுதுகிறேன்.

தங்கை பைராம் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில்தான் தங்கை படித்தாள். முதுகுவலியால் அப்பா வேலையை விட்டதும் சுங்கை பாக்காப்புக்குக் குடிவந்தோம். அம்மா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் கட்டி விற்றார். நான் பாயான் பாருவில் ஃபேக்டரி வேலைக்குப் போனேன். பல்கலைக்கழகம் புகுவதற்கான ஆறாம் படிவத் தேர்வில் தங்கை சறுக்கியபோது, அவளையும் ஃபேக்டரிக்கு அனுப்பச் சொன்னவர்கள் உண்டு. "இன்னொரு தடவ எழுதுறேன்ண்ணே" என்றாள். எழுதினாள். பினாங்குத் தீவிலேயே பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்தது.

மனிதர்களிடமும் அவளுக்கு அதே பிடிவாதம்தான். அறைத்தோழி ஷாலினி காய்ச்சலில் நிற்கவும் முடியாமல் கிடந்தபோது, அவளைத் துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்குக் கொண்டுபோனவள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். புதன்கிழமை காலை, மருத்துவமனையில் எங்கள் கண்முன்னே மூச்சு அடங்கியது. மறுநாள் வீட்டில் இறுதிக் காரியம். வகுப்புத் தோழர்களும் விரிவுரையாளர்களும் பேருந்தில் வந்தார்கள். மலாய், சீனப் பிள்ளைகளும் காலணியைக் கழற்றிவிட்டுச் சுடும் சிமென்டில் நின்றார்கள். குளிப்பாட்டிய பிறகு எவ்வளவு துவட்டியும் முடி காயவில்லை என்று அம்மா அழுதபடியே இருந்தார்.

சில நாட்கள் கழித்து அவளுடைய பொருள்களை எடுக்கப் பல்கலைக்கழகம் போனோம். விடுதிக் கேண்டீன் நடத்தும் காதர் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். தகனம் நடந்த அன்று மத்தியானம் தங்கை அங்கே வந்தாளாம்.

"ஊருக்குப் போயிட்டு அப்பதான் தம்பி வந்தேன். எனக்கு சேதியே தெரியாது. எப்பவும் நிக்கிற எடத்துல நின்னுச்சு. தலையெல்லாம் ஈரம். அது எப்பவும் குடிக்கிற தே ஓ கலக்கிட்டுத் திரும்புறேன், ஆளக் காணோம்லா."

அவர் தோளைத் தொட்டுவிட்டு விடுதிப் படியேறினேன்.

மாடியில் ஷாலினி வேறொன்று சொன்னாள். "பகல்லதாண்ணே. அவ செருப்பு சத்தம் வராந்தாவுல வருது. கதவுகிட்ட வந்து நிக்குது. உள்ள வர்றதில்ல. யாரையோ காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

பக்கத்து அறைப் பெண்களும் கேட்டிருந்தார்கள். மலாய்ப் பெண்கள் குர்ஆன் ஓதியிருந்தார்கள். ஒரு சீனப் பெண் வாசலில் ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தாள். ஒருவரும் அறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு துணிகளை மடித்தார். பிறகு வாசலில் போய் நின்று, "அம்மா வந்துட்டேன்மா. வீட்டுக்குப் போலாம், வா" என்றார்.

பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அம்மா முன்னே நடந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு, அப்பாவும் நானும் நடந்தோம்.

பைகளைக் காரின் பின்பெட்டியில் வைத்தோம். அம்மாவும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். அப்பா காரைக் கிளப்பியதும், அவருக்குப் பக்கத்துக் காலி இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது. அணைத்துக் கிளப்பினார். மறுபடியும் அடித்தது.

"சென்சர் கோளாறா இருக்கும்ப்பா" என்றேன்.

அப்பா கையை நீட்டி பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது. பெல்ட் இருக்கையில் படியவில்லை. சற்றே முன்தள்ளி நின்றது. தீவிலிருந்து எங்கள் கரைக்கு வரும் பாலம் முழுவதும் அப்பா மெதுவாகவே ஓட்டினார். அவளுக்குக் குளிர் ஆகாது என்று ஏர்கோனையும் குறைத்தார். வீட்டில் இறங்கியதும் அந்தப் பக்கம் சுற்றி வந்து, கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றினார்.

"எறங்கும்மா" என்றார்.

பட்டறையில் காட்டினோம். காரில் ஒரு கோளாறும் இல்லை. அந்த வாரமே ஷாலினி அழைத்தாள். "இப்ப சத்தமே இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மருத்துவமனையில் உடனிருந்த நண்பர்களுக்கும், விரிவுரையாளர்களுக்கும், பதினாறாம் நாள் அத்தனை பேருக்கும் தேநீர் அனுப்பிய காதர் அண்ணனுக்கும், அந்த வராந்தாவில் வழிவிட்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தகனத்துக்குப் பிறகு தங்கையை எங்கேயாவது பார்த்தவர்கள் இருந்தால், எங்கள் மனம் நோகும் என்று மறைக்க வேண்டாம். வந்து அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் பயப்பட மாட்டார். முகம் எப்படி இருந்தது, சாப்பிட்டாளா என்றுதான் கேட்பார்.