திருவூடலுக்கு மறுநாள்

கல்யாணமான மூன்றாம் வருடம், வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த குழந்தையை இழந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வேங்கிக்கால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு என் கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்டியா? மாத்திர போட்டியா?" என்று கேட்பார். அதோடு சரி. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தோம்.

மாட்டுப் பொங்கலன்று காலையில், "கொழம்புல உப்பு கம்மி" என்றார்.

"உப்பு மட்டும்தான் தெரியுதா உங்களுக்கு? வேற எதுவுமே தெரியலையா?" என்று கத்திவிட்டேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு வெளியே போனார்.

என் சத்தம் எதிர்வீட்டு அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும். சாயங்காலம் வந்து, "கெளம்பு, திருவூடல் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். நான் செய்யாறு பக்கத்துக்காரி. சாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் வரும் அந்தத் திருவிழாவை அதுவரை பார்த்ததில்லை.

தெருவெல்லாம் கற்பூரப் புகை. அண்ணாமலையாரும் அம்மனும் எதிரெதிரே ஆடி ஆடி வருவதும், விலகுவதும், மறுபடி நெருங்குவதுமாக இருந்தார்கள். கூட்டம் சிரித்தது. பிறகு அம்மன் கோபமாகத் திரும்பிக் கோயிலுக்குள் போக, கதவைச் சாத்திவிட்டார்கள்.

"அவ்ளோதான். சாமி இன்னிக்கி வெளியதான் தங்கணும். நாளைக்கு மலைய சுத்திட்டு வந்தாதான் கதவு தெறக்கும்" என்றார் அக்கா.

மேளச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. சாமி தனியாகப் போனார். அவருக்குப் பின்னால் போன சிலரில், செருப்பைக் கையில் பிடித்தபடி என் கணவரும் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. இத்தனை நாளாக அவர்தான் வாயை மூடிக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். வெளியே நிற்பவரும் அவர்தான் என்று அப்போது தோன்றியது.

காலையில் எழுந்தபோது அவருடைய பாய் சுருட்டி வைத்திருந்தது. எங்கே போயிருப்பார் என்று தெரிந்தது. ஆட்டோ பிடித்து, மலை சுற்றும் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் இறங்கிக் காத்திருந்தேன். பனியில் மலை பாதிதான் தெரிந்தது. மீதியை யாரோ இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அண்ணாமலையார் வந்தார். கொஞ்சம் பின்னால் இவர், வெறுங்காலோடு.

போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன்.

"ஒடம்பு முடியாம எதுக்கு வந்த?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

மலையைப் பார்த்தபடியே சொன்னார். "வீட்ல அழ முடியல. நான் அழுதா நீ இன்னும் ஒடைஞ்சி பூடுவன்னு பயம். இங்க அழுதுனே நடந்தா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க."

நான் அவர் கையைப் பிடித்தேன். மலையே சிவன் என்கிறார்கள். அப்படியென்றால் மனைவியிடம் திரும்பும் முன் அவர் சுற்றி வருவது தன்னையேதான். எனக்கும் அப்படி ஒரு சுற்று பாக்கி இருந்தது.

வழியில் என் கணவர் ஒரு பெயரைச் சொன்னார். பெண்ணாகப் பிறந்தால் வைக்கலாம் என்று மனதுக்குள் வைத்திருந்த பெயராம். அதை நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் அழுதோம். எங்களைத் தாண்டிப் போனவர்கள் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். மெதுவாக நடந்ததால் கோயிலில் கதவு திறந்ததைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சமாதானம் முடிந்து, பூ உதிர்ந்து கிடந்தது.

இப்போதெல்லாம் பிப்ரவரியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துச் சின்னப் பெண்கள் சிவப்பு ரோஜாவோடு வந்து, "உங்க காலத்துல காதலர் தினம்லாம் உண்டாக்கா?" என்று கேட்பார்கள். "எங்களுது தையிலயே முடிஞ்சிடும்" என்பேன்.

அந்தத் திருவூடலுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். வேறு பெயர் வைத்தோம். வருடாவருடம் அவளைத் தோளில் தூக்கிப்போய்த் திருவூடல் காட்டுவார். கதவு சாத்தும்போது அவள் முகம் வாடிவிடும்.

"சாமி எங்கப்பா போறாரு?"

"நடக்கப் போறாரும்மா. நாளைக்கி வந்துடுவாரு."