மாலை விழுந்த போட்டோ

இங்கே வேலை போனவர்களும் போட்டோவில் சிரிக்கிறார்கள். ஷார்ஜாவில் என் அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஜோயல், வேலை தேடும் ஆப்பில் பல் தெரியச் சிரித்தபடி, "எனக்கு வேலை வேண்டும்" என்று தன் போட்டோவின் கீழே பட்டையாக எழுதியிருந்தார். எங்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள். விசா முடிவதற்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். என்னையும் அப்படிப் போடச் சொன்னார்.

எனக்குக் கைவரவில்லை. மதுரையில் நான் வாய்விட்டு வேலை கேட்டதே கிடையாது. காளவாசல் டீக்கடையில் ஸ்பேனர் பையை மடியில் வைத்து உட்கார்ந்தால் போதும், ஏசி பழுதானவர்கள் பையைப் பார்த்தே கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அதுதான் விளம்பரம். அந்த நினைப்பில், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கீழே 'முருகேசன், ஆரப்பாளையம், ஏசி மெக்கானிக்' என்று எழுதி, ஒரு கும்பிடு. வேலை வேண்டும் என்று எழுதக் கூச்சம். பார்த்தால் புரியாதா?

புரிந்தது வேறு. சிரிக்காத முகம், பெயர், ஊர், கும்பிடு என்று ஒரு போட்டோ தனியாக வந்தால் எங்கள் பக்கம் அது சாவுச் செய்திதான். யாரோ அதற்கு மாலை போட்டு எல்லாக் குரூப்புக்கும் அனுப்பிவிட்டார்கள். மனைவி போனில் கத்தினாள்.

"மொதல்ல அந்தப் போட்டோவத் தூக்குங்க! ஒங்க அக்கா தெருவுல விழுந்து அழுகுது."

குரூப்பைத் திறந்தபோது எட்டிப் பார்த்த ஜோயல், என் படத்தில் பூக்களைக் கண்டு கைகொடுத்தார். "கங்கிராஜுலேஷன்ஸ்! வேலை கிடைச்சிருச்சா?"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செத்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? போட்டோவை அழித்த கையோடு, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"அண்ணே, நான் மதுர பழங்காநத்தம், இங்க அஜ்மான்ல இருக்கேன். நீங்க முருகேசன் அண்ணே ரூம்ல இருக்குறவரா? அவரு பாடிய எந்த ஆஸ்பத்திரில வச்சிருக்காய்ங்க? ஊருக்கு அனுப்ப நாலு பேரு வாரோம்."

"நாந்தாம்ப்பா முருகேசன்."



"பெறகு எதுக்குண்ணே அப்பிடி ஒரு போட்டோ?"

"வேலைக்குப்பா."

"நல்லா தேடுனீங்க போங்க! எங்க கம்பெனில ஏசிக்கு ஆள் எடுக்குறாய்ங்க. உசுரோட இருந்தா காலைல வாங்க."

போனேன். எடுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டைக்குப் போட்டோ கேட்டபோது என்னிடம் வேறு இல்லை, அதையே கொடுத்தேன். அழித்த பிறகும், மாலை போட்ட படம் ஊரில் யார் யார் போனிலோ இருக்கிறது என்கிறாள் மனைவி. அங்கே என் போட்டோவின் கழுத்தில் மாலை. இங்கே என் கழுத்தில் அந்தப் போட்டோ.